தாடைக்குக் கீழே இரண்டு விரல் அகலம்

சவரக்கத்தி சேகரிக்கிறேன் என்று சொன்னால் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். ஸ்டாம்பு சேர்க்கலாம், பழைய கடிகாரம் சேர்க்கலாம்; கத்தி என்றால் மட்டும் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். எங்கள் வீட்டு ஓனர் ஒருமுறை என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று வாசல் பக்கம் நகர்ந்துகொண்டே கேட்டார். பிளேடு மாற்றாத பழைய மடக்குக் கத்தி, அந்தக் காலத்து சலூன்களில் தோல்வாரில் தீட்டித் தீட்டி வழிப்பார்களே, அதுதான் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மனிதர் படியிறங்கிவிட்டார்.

எனக்குப் பொம்மசந்திராவில் ஒரு டூல் கம்பெனியில் வேலை. அளவு பார்க்கும் பிரிவு. அரைத்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் மைக்ரான் சுத்தமாகப் பார்த்து, சரி அல்லது தப்பு என்று சொல்ல வேண்டும். பகல் முழுக்க இரும்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதையே பார்க்கிறாயே என்றால் எனக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால் எவனோ ஒருவன், என் மேசைமேல் இருக்கும் எந்தக் கருவியும் இல்லாமல், அந்த எஃகைக் காகிதம் போல மெல்லிசாகத் தேய்த்திருக்கிறான். அவன்மேல் எனக்குப் பொறாமை.

முதல் கத்தியைப் பிரேசர் டவுனில் ஒரு சந்துக்குள் பழைய சாமான் விற்கும் பாயிடம் வாங்கினேன். கறுத்துப் போய், அங்கங்கே துருவோடு இருந்தது. நான் என்ன செய்தேன்? பெரிய இன்ஜினியர் அல்லவா! கம்பெனியில் பாலிஷ் சக்கரத்தில் பிடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கி, அடுத்த வாரம் பெருமையாகக் கொண்டுபோய் பாயிடம் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ, என்னா ஜி இப்படிப் பண்ணிட்டீங்க! இது மேல பூ வேலை இருந்துச்சு, தங்கத்துல எழுத்து இருந்துச்சு. எல்லாத்தையும் தேச்சு எடுத்துட்டு, பளபளன்னு இருக்கான்னு கேக்கறீங்க!"

அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். துருவை விரலால் எடுக்க வேண்டும், மெஷினால் அல்ல. துடைக்கும்போது முதுகிலிருந்து வெட்டும் முனை நோக்கித் துணி போக வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கல்லில் தீட்டும்போது முதுகும் முனையும் சேர்ந்து படிய வேண்டும். முதுகைத் தூக்கினால் ஒரு நொடியில் எல்லாம் போச்சு. செல்லுலாய்டு பிடி போட்ட கத்தியை மட்டும் மற்றவற்றோடு ஒரே பெட்டியில் மூடி வைக்கவே கூடாது. அந்தப் பிடி பழசாகப் பழசாக ஒரு ஆவியை விடும். பக்கத்தில் இருக்கும் நல்ல கத்தியெல்லாம் துருப்பிடித்துவிடும்.

என் மனைவி இதுகளுக்கு வைத்த பேர் சக்களத்திகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பெட்டியோடு உட்கார்ந்தால், "சக்களத்திங்களுக்கு எண்ணெய் தேய்ச்சாச்சா? எனக்கு என்னிக்குத் தேய்ச்சு விடறதா உத்தேசம்?" என்பாள். அவள் தர்மபுரிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கேலி செய்வாளே தவிர, சீப்பில் சிக்கிய முடியை எனக்காக ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். தீட்டிய கத்தியின் முனைமேல் ஒரு முடியைத் தொங்கவிட்டால் அது தானாக அறுந்து விழ வேண்டும். அதுதான் சோதனை. அவள் முடி நல்ல கனம். அதை அறுக்கிற கத்தி எதையும் அறுக்கும்.

ஆனால் முடிச் சோதனையெல்லாம் பாதிக்குப் பாதிதான். கத்தி சரியா இல்லையா என்பதை முகம்தான் சொல்லும். வழித்துப் பார்க்காமல் எந்தக் கத்தியையும் முடிந்தது என்று எடுத்து வைக்க முடியாது. இது எந்தச் சேகரிப்பாளனைக் கேட்டாலும் சொல்வான்.

கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து அவளுக்கு நாள் தள்ளிப்போனது. மூன்று டாக்டர், எத்தனையோ ஊசி, இரண்டு பக்கத்துச் சொந்தத்தின் வாய், எல்லாம் தாண்டி வந்த குழந்தை. ஐந்தாம் மாதம் மாமியார் துணைக்கு வந்தார். வந்த அன்றே என்னை உட்காரவைத்து ஒரு பட்டியல் வாசித்தார்.

"மாப்ள, இனிமே முடி வெட்டக் கூடாது, சவரம் பண்ணக் கூடாது. தேங்கா உடைக்கக் கூடாது. பிணம் தூக்கக் கூடாது. புள்ள பொறந்து, அது மூஞ்சியப் பாத்தப்புறம் தாடிய எடுங்க. உங்க பொட்டிய அதுவரைக்கும் மூடி வெச்சிடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"அத்தை, இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கோ இல்லையோ, வெச்சா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

மனைவி பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தாடி வைத்தேன். நம்பிக்கையால் அல்ல, சண்டை வேண்டாம் என்றுதான். ஆனால் கம்பெனியில் ஒருவருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஆனேக்கல் ஊர்க்கார கன்னடர். இரண்டாம் வாரமே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், மனேலி விசேஷானா? எத்தனை மாசம்?" என்று தமிழும் கன்னடமுமாகக் கேட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேன்டீனில் கேட்டார்கள், கேட் செக்யூரிட்டி கேட்டார், பஸ்ஸில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர்கூடக் கேட்டார். என் வயதில் ஒருவன் திடீரென்று தாடி வளர்த்தால் இந்த ஊரில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்து வருடம் யாரும் எங்களைக் கேட்காத கேள்வி அது.

பெட்டியை மட்டும் நான் மூடவில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பாய் ஒரு கத்தியைக் கொடுத்திருந்தார். எருமைக் கொம்பில் பிடி, இரண்டு பக்கமும் குழிவாக அரைத்த மெல்லிசான எஃகு, விரல் நகத்தால் தட்டினால் மணி மாதிரி ஒலி. முனையில் மட்டும் ஒரு சின்ன உடைசல். அந்த உடைசல் போகும் வரை தேய்த்து, பிறகு முதல் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல் என்று ஆறு வாரம் அதோடு கிடந்தேன். லென்ஸில் பார்த்தால் கோடு இல்லை. முடி அறுந்தது. ஆனால் வழித்துப் பார்க்க முடியவில்லை. கத்தி கையில் இருக்கிறது, முகம் இருக்கிறது, நடுவில் அத்தையின் பட்டியல்.

ஏழாம் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வளைகாப்புக்கு வளையல் வாங்க அம்மாவும் பெண்ணும் கடைக்குப் போனார்கள். நான் தனியாக இருந்தேன். பாத்ரூமுக்குப் போனேன். இடது தாடைக்குக் கீழே, கழுத்தோடு சேரும் இடத்தில், தாடியை மேலே தூக்கினால்தான் தெரியும். அங்கே இரண்டு விரல் அகலத்துக்குச் சோப்பு நுரை தடவி, ஒரே ஒரு இழுப்பு.

என்னத்தைச் சொல்ல! சத்தமே இல்லை. தோலில் ஏதோ போனது என்றுகூடத் தெரியவில்லை. தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. கண்ணாடியைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். என் தாடையில் ஒரு இடம் வழித்தால் வயிற்றுக் குழந்தைக்கு என்ன ஆகிவிடும், போங்கய்யா என்று வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன். தாடியைச் சீவி அந்த இடத்தை மூடிக்கொண்டேன். அவர்கள் பச்சையும் சிவப்புமாக வளையல்களோடு வந்தார்கள்.

பதினோரு நாள் கழித்து, காலையில் காபி குடிக்கும்போது, "ஏங்க, நேத்து சாயந்திரத்துலேருந்து அசையவே இல்லைங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். அபூர்வமாக ஆகும், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது, உங்கள் தப்பு இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். ஆபரேஷன் வேண்டாம், மருந்து வைத்துப் பிரசவம் பார்ப்போம் என்றார். ஒன்றரை நாள் வலி. எதுவும் உயிரோடு வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே என் மனைவி ஒன்றரை நாள் முக்கினாள். அதைப் பார்த்த மனிதன் நான். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

பையன். "அவளுக்குக் காட்டாதீங்க மாப்ள, மனசு தாங்காது" என்று மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் சரி என்றேன். திரைக்குப் பின்னாலேயே துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் கேட்டாளா, கேட்கவில்லையா என்றுகூட நான் விசாரிக்கவில்லை. அவளைக் கேட்காமல் அவளுக்காக முடிவு செய்தேன்.

பக்கத்து மேசைக்காரர் தன் காரை எடுத்து வந்தார். ஆனேக்கல் பக்கம் ஒரு சுடுகாட்டில் புதைப்பதற்கு அவரே பேசி வைத்திருந்தார். பிணம் தூக்கக் கூடாது என்று பட்டியலில் இருந்ததே, தூக்கினேன். மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். குழியில் வைப்பதற்கு முன் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தேன். பிறந்த பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுத் தாடியை எடுக்கச் சொன்னார் அத்தை. பார்த்தேன். தாடியை எடுக்கவில்லை.

டாக்டர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நான் மைக்ரான் பார்க்கிறவன். எதற்கும் எதற்கும் சம்பந்தம் உண்டு, எதற்கும் எதற்கும் இல்லை என்று பிரித்துச் சொல்லத்தான் சம்பளம் வாங்குகிறேன். கொடியில் முடிச்சு எப்போதோ விழுந்திருக்கும். என் தாடைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை ஆயிரம் தடவை எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆயிரத்தோராவது தடவை கை தானாக இடது தாடைக்குக் கீழே போகும். அந்த இடத்தில் முடி வளர்ந்து, மற்ற இடத்தோடு சேர்ந்தும் போய்விட்டது. எனக்கு மட்டும் அங்கே வழவழவென்றே இருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் அம்மா சொன்ன ஒரே ஒரு காரியம், ஐந்து வருடம் காத்துக் கிடைத்த பிள்ளைக்காக, அதைக்கூட உன்னால் செய்ய முடியவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டால் நான் என்ன சொல்வேன்? முனை சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன் என்றா?

மாமியார் ஊருக்குப் போனார். அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நாங்கள் சண்டையே போடவில்லை. சக்களத்தி என்ற பேச்சே வரவில்லை. சுடுகாட்டிலிருந்து வந்த அன்றைக்கே, கையில் கிடைத்த கத்தியை எல்லாம் பெட்டியில் போட்டு மூடி, அலமாரிக்கு மேலே தள்ளியிருந்தேன். தாடி நெஞ்சு வரை வந்தது. அவள் அடிக்கடி மொபைலில் எங்கள் கல்யாண போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். நான் அறைக்குள் வந்தால் மூடிவிடுவாள். சரி, இந்தக் கல்யாணத்தை ஏன் செய்துகொண்டோம் என்று யோசிக்கிறாள், இன்றைக்கோ நாளைக்கோ சொல்லிவிடுவாள் என்று நான் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காய் வாங்கப் போனவள் பாதியில் திரும்பி வந்தாள். பையை அப்படியே ஹாலில் போட்டாள். தக்காளி உருண்டு ஓடியது.

"புதுசா வந்திருக்கற தள்ளுவண்டிக்கார அக்கா கேக்கறாங்க. அண்ணன் தாடி விட்டிருக்காரே, எத்தனை மாசம் கண்ணுன்னு. என் வயித்தப் பாத்துக் கேக்கறாங்க."

நான் எழுந்து நின்றேன். எனக்குள் ஏதோ பிய்த்துக்கொண்டது. "நான்தான்" என்றேன். "நான்தான் காரணம். ஏழாம் மாசம் நான் கத்தி வெச்சேன். நீங்க வளையல் வாங்கப் போன அன்னிக்கு. இங்க." தாடியைத் தூக்கி அந்த இடத்தைக் காட்டினேன். நாற்பதை நெருங்குகிற மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன?"

"அன்னிக்கு ராத்திரியே கைல பட்டுச்சு. உங்களுக்குக் கத்தின்னா கை நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? சிரிச்சுக்கிட்டேன். அம்மாகிட்ட சொல்லல."

"அப்புறம்? அதுக்கப்புறம் ஒருநாளும் தோணலையா?"

"தோணுச்சு. பத்து நாள் தோணுச்சு. அப்புறம் நானும்தான் அம்மா வேணாம்னு சொன்ன பப்பாளிய ஆபீஸ்ல தின்னேன். அதுவும் தோணுச்சு. எதுன்னு தோண விடறது?" அவள் சோபாவில் உட்கார்ந்தாள். பிறகுதான் குரல் ஏறியது. "அதுக்காக இப்படியா? தாடிய வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு என்னை மாசமாவே வெச்சிருக்கப் போறீங்க? நான் பெத்துட்டேங்க. ஒண்ணரை நாள் வலிச்சு நான் பெத்தேன். யாருமே அத நான் பெத்ததாவே நெனைக்க மாட்டேங்கறீங்க."

ஒரு வருடமாக என் இரண்டு விரல் அகலத்தையே நான் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். எதிரில் இருந்தவளை நான் பார்க்கவே இல்லை.

தரையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். "அன்னிக்கு அவன எடுத்துட்டுப் போறப்ப, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸம்மா இன்னொருத்தங்ககிட்ட கன்னடத்துல சொன்னாங்க. அப்பன தரானே இதே, கத்தா நோடுன்னு. எனக்குக் கட்டான்னு கேட்டுச்சு. கட்டான்னா தாடி. வெளில நிக்கற உங்க தாடியப் பாத்துட்டுப் பேசிக்கறாங்கன்னு இத்தனை நாளா நெனைச்சுட்டிருந்தேன். போன மாசம் ஆபீஸ்ல ஒரு பொண்ணு தாவாக்கட்டைல மரு எடுத்துட்டு வந்துச்சு. கத்தா, கத்தான்னு சொல்லுச்சு. கேட்டேன். கத்தான்னா தாவாக்கட்டையாம். அப்பன் மாதிரியே இருக்கான், தாவாக்கட்டையப் பாருன்னு சொல்லியிருக்காங்க."

நான் தாடிக்குள் விரலை விட்டுத் தாவாக்கட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

"உங்க சாடைங்க அவன். எனக்குத்தான் காட்டலையே. போட்டோல உங்க மூஞ்சியப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாக்கறேன், ஒரு அளவுக்கு மேல புள்ளி புள்ளியா ஆயிடுது." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "எடுத்துடுங்க. நான் பாக்கணும்."

அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினேன். திறந்ததும் புளித்த கற்பூர வாசனை அடித்தது. செல்லுலாய்டு பிடிக் கத்தியையும் சேர்த்து மூடியிருந்திருக்கிறேன், மடையன். ஐந்து கத்திகளில் துரு ஓட்டை போட்டிருந்தது. கொம்புப் பிடிக் கத்தி மட்டும் எண்ணெய்த் துணிக்குள் ஓரமாகக் கிடந்ததால் தப்பியிருந்தது. நான் அதை எடுக்கவில்லை, கடையில் ரேசர் வாங்கி வருகிறேன் என்றேன். "அதாலேயே எடுங்க" என்றாள்.

முதலில் கத்திரியால் தாடியைக் கத்தரித்தேன். வாஷ்பேசின் நிறைந்தது. தோல்வாரைக் கதவுக் கொக்கியில் மாட்டி, கத்தியை முன்னும் பின்னும் தீட்டினேன். அவள் பிளாஸ்டிக் ஸ்டூலைப் பாத்ரூம் வாசலில் போட்டு உட்கார்ந்து, கன்னம், கழுத்து, உதட்டுக்குக் கீழே என்று ஒவ்வொரு இழுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தாவாக்கட்டை. அங்கே ஒரு கீறல் விழுந்து ரத்தம் வந்தது. முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றிவிட்டு, அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் எழுந்து கிட்டே வந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அசையாமல் நின்றேன். பிறகு கட்டைவிரலை என் தாவாக்கட்டையின் நடுவில் வைத்தாள்.

"இந்தக் குழி. இதுவும் அவனுக்கு இருந்துச்சா?"

துணியை விலக்கியபோது நான் முதலில் பார்த்ததே அதைத்தான்.

"இருந்துச்சு" என்றேன்.